ட்ரெமலோ பிரிட்ஜை உட்கார வைப்பது: ஸ்ட்ராட் வகை கிட்டாருக்குக் கோளாறு வாரியாக வைத்தியம்

மெல்லிசைக் கச்சேரியில் கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. மேடையேறப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாடகர் வந்து, "தொண்டை கட்டியிருக்கு, அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்பார். கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நாம் ஆறாவது கம்பியை இறக்குவோம், ஐந்தாவது ஏறும். ஐந்தாவதை இறக்குவோம், சரிசெய்து வைத்த ஆறாவது மறுபடி ஏறியிருக்கும். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து, பிள்ளையார் பாட்டு ஆரம்பித்த பிறகும் ட்யூனரை முறைத்துக்கொண்டிருப்போம்.

கிட்டார் கெட்டுவிட்டது என்று விற்கத் துணிந்தவர்களும் உண்டு. கெடவில்லை. 1954-ல் லியோ ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வைத்த பிரிட்ஜின், அதாவது கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் தகட்டின், குணமே அதுதான். மேலே ஆறு கம்பிகள் பிரிட்ஜை நெக் பக்கம் இழுக்கின்றன. உடம்புக்குள் மறைந்திருக்கும் ஸ்பிரிங்குகள் அதைத் திரும்பக் கீழே இழுக்கின்றன. இரண்டு பக்கமும் சமபலமாக இருக்கும் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி, பிரிட்ஜ் நடுவில் மிதக்கிறது. ஒரு ஆள் கையை விட்டால்கூட எல்லோரும் நகர்வார்கள். (இந்தப் பிரிட்ஜுக்கு ட்ரெமலோ என்று பெயர் வைத்ததே தப்பு. ட்ரெமலோ என்றால் ஒலி கூடிக் குறைவது. இது செய்வது சுருதியை அசைப்பது, அதாவது வைப்ரேட்டோ. ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களில் ஒலியை அசைக்கும் குமிழுக்கு வைப்ரேட்டோ என்று எழுதிவைத்து, தலைகீழாக இன்னொரு தப்பும் செய்தார்கள்.)

வாமி பாரை (பிரிட்ஜை அசைக்க அதில் செருகும் கைப்பிடி) தொடாதவர்களுக்கு இந்த மிதப்பு ஒரு வீண் சுமை. ஸ்பிரிங் பக்கத்தை ஜெயிக்க வைத்து, பிரிட்ஜைக் கிட்டாரின் மரத்தில் அழுந்த உட்கார வைத்துவிடலாம். டெக் செய்வது என்பார்கள். அதற்கும் மேலே போய், உள்ளே மரத்துண்டு செருகி முழுக்கப் பூட்டுவது ப்ளாக் செய்வது. பலருக்கு முதலாவதே போதும் என்பது என் கட்சி.

எந்த ஸ்க்ரூவையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. நோட்டுப் புத்தகக் காகிதத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழியுங்கள். பிரிட்ஜ் தகட்டின் பின்விளிம்புக்கு அடியில் செருகிப் பாருங்கள். சுலபமாகப் போய் வந்தால் பிரிட்ஜ் மிதக்கிறது. கடித்துக்கொண்டால் உட்கார்ந்திருக்கிறது. கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு இந்தக் காகிதம்தான் ஸ்டெதஸ்கோப்.

ஒரு கம்பியைத் திருகினால் மற்ற ஐந்தும் நகர்கின்றன. ஒன்று அறுந்தால் எல்லாமே ஏறிவிடுகின்றன

காகிதம் தாராளமாகப் போகும். பழைய பாணி ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜ் கம்பெனியிலிருந்து வரும்போதே பின்விளிம்பு சுமார் 3 மி.மீ. தூக்கியிருக்கும்படிதான் அமைக்கப்படுகிறது.

வாமி பாரைக் கழற்றுங்கள். கட்டிலில் ஒரு துண்டை விரித்து, நெக்குக்குத் தலையணை கொடுத்து, கிட்டாரைக் குப்புறப் படுக்க வையுங்கள். பின்மூடியின் ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் போடுங்கள். உள்ளே மூன்று ஸ்பிரிங்குகள், அவற்றைக் கொக்கிபோலப் பிடித்திருக்கும் ஒரு உலோகப் பட்டை, அந்தப் பட்டையை மரத்தோடு பிணைக்கும் இரண்டு நீள ஸ்க்ரூக்கள் தெரியும். பட்டையின் பெயர் க்ளா. இன்றைக்கு வேலையெல்லாம் அந்த இரண்டு ஸ்க்ரூவில்தான்.

கிட்டார் சரியான ட்யூனிங்கில் இருக்கட்டும். இரண்டு ஸ்க்ரூவையும் கடிகாரச் சுற்றில் ஆளுக்கு அரைச் சுற்று. திருப்பி எடுத்து ட்யூனர் பார்த்தால் ஆறு கம்பியும் ஏறியிருக்கும். இறக்கி ட்யூன் செய்யுங்கள். மறுபடி அரைச் சுற்று, மறுபடி ட்யூன். பொறுமை வேண்டும். ஒரேயடியாக நாலு சுற்றுப் போட்டால் மெல்லிய முதல் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும்.

ஒரு கட்டத்தில் ஸ்க்ரூவை முறுக்கியும் சுருதி ஏறாது. அந்த நொடியில் பிரிட்ஜ் மரத்தைத் தொட்டுவிட்டது. காகிதம் வைத்து உறுதி செய்துகொண்டு, கையிருப்பாக இன்னும் ஒன்று அல்லது இரண்டு சுற்று கொடுங்கள். எவ்வளவு என்பது அடுத்த கோளாறில் தெரியும்.

இனி சுருதியை மேலே தூக்க வாமி பார் உதவாது. கீழே அமுக்கலாம், அதுவும் முன்னைவிடக் கை வலிக்கும். நாதம் நீண்டு நிற்கும் என்றும் சொல்வார்கள். என் காதுக்கு அப்படிக் கேட்டதாகச் சத்தியம் செய்ய முடியாது.

உட்கார வைத்தாயிற்று, ஆனால் பெண்ட் செய்தால் காகிதம் நழுவுகிறது

பெண்ட் என்றால் அழுத்திய கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருதியை ஏற்றுவது. மூன்றாவது கம்பியை உங்கள் கை எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுத்துப் பிடியுங்கள். பக்கத்தில் ஒருவரைக் காகிதத்தை உருவச் சொல்லுங்கள். வந்துவிட்டால், சும்மா இருக்கும்போது உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜ் வாசிக்கும்போது எழுந்து நிற்கிறது என்று அர்த்தம்.

நம் ஊரில் இது வேறெங்கும்விடக் காதை உறுத்தும். கீழ்க் கம்பியைத் தம்புரா மாதிரி ஸட்ஜத்தில் ஒலிக்கவிட்டு, இரண்டாவது கம்பியில் கமகம் இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். பிரிட்ஜ் ஒரு மயிரிழை முன்னே சாய்ந்தாலும் அந்த ஸட்ஜம் தொய்யும். ராகம் தெரிந்த யாராவது முன்வரிசையில் இருந்தால் முகம் சுளிப்பது மேடையிலிருந்தே தெரியும்.

கொஞ்சம் கணக்கு. 9–42 செட் (முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு, ஆறாவதன் தடிமன் 42 பங்கு) போட்ட ஸ்ட்ராட்டில், சாதாரண ட்யூனிங்கில், ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது சுமார் 38 கிலோ. 10–46 செட் என்றால் சுமார் 46 கிலோ. சுருதி இழுவையின் வர்க்கமூலத்தோடு ஏறுவதால், ஒரு நோட்டை முழு ஸ்டெப் (ஒரு கட்டை) ஏற்ற அந்தக் கம்பியின் இழுவை ஏறக்குறைய 26 சதவீதம் கூட வேண்டும். 9 செட்டின் மூன்றாவது கம்பிக்கு அது 1.7 கிலோ அளவில் வரும். ஸ்பிரிங் பக்கத்தில் அந்த 1.7 கிலோவுக்கு மேல் மிச்சம் இருந்தால் பிரிட்ஜ் அசையாது. இரண்டு கம்பிகளைச் சேர்த்து இழுப்பவர் என்றால் இன்னும் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

ஆகவே க்ளாவை இன்னும் ஒரு சுற்று முறுக்கிப் பார்க்கலாம். அதற்குமேல் முறுக்க மனம் வராவிட்டால் நாலாவது ஸ்பிரிங் போடுங்கள். க்ளாவில் ஐந்து கொக்கிகள் இருப்பது சும்மா அழகுக்கு இல்லை. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, ஸ்பிரிங்கின் நேரான முனையை முதலில் பிரிட்ஜின் அடிக்கட்டையிலுள்ள (தகட்டுக்கு அடியில் குழிக்குள் தொங்கும் கட்டை) துளையில் விட்டு, வளையத்தை நோஸ் பிளையரால் இழுத்துக் கொக்கியில் மாட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நழுவினால் ஸ்பிரிங் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இதே கணக்கு அரைக் கட்டைப் பாடகருக்கும் பதில் சொல்கிறது. எல்லாக் கம்பியையும் அரை ஸ்டெப் இறக்கினால் மொத்த இழுவை சுமார் 11 சதவீதம் குறையும், 38 கிலோ 34-க்கு அருகே வந்துவிடும். மிதக்கும் பிரிட்ஜுக்கு அது நிலநடுக்கம். உட்கார்ந்த பிரிட்ஜுக்கு ஒன்றுமே இல்லை, இன்னும் அழுந்தி உட்காரும். ஆறாவதை மட்டும் டிராப் டி-க்கு (E-யிலிருந்து D-க்கு) இறக்கினாலும் மற்றவை அப்படியே நிற்கும். எதிர்த்திசையில்தான் கவனம் தேவை. 9 செட்டிலிருந்து 10-க்கு மாறினால் எட்டு கிலோ கூடுகிறது. அன்றைக்குக் காகிதச் சோதனையை மறுபடி செய்தே ஆக வேண்டும்.

க்ளா ஸ்க்ரூ அசைய மாட்டேன் என்கிறது

திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் பக்கம் வீடு என்றால் துரு. கடற்காற்று மூடிய குழிக்குள்ளும் போய்விடுகிறது. முதலில் கம்பிகளை முழுக்கத் தளர்த்துங்கள், பாதி பாரம் குறைந்துவிடும். தலைக்கு அச்சாகப் பொருந்தும் நீளமான ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் எடுங்கள். சின்னதை வைத்து அழுத்தினால் தலை தேய்ந்து, பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எதிர்ச்சுற்றில் முழுக்க வெளியே எடுத்து, மெழுகுவர்த்தியில் தேய்த்துத் திரும்ப விடுங்கள். எண்ணெய் வேண்டாம், மரம் குடித்துவிடும்.

பின்விளிம்பு ஒரு பக்கம் உட்கார்ந்து, மறுபக்கம் தூக்கியிருக்கிறது

இரண்டு க்ளா ஸ்க்ரூவும் சமமாகப் போயிருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் பெரும்பாலும் குற்றவாளி முன்பக்கம் இருப்பார். ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜில் யாரோ அந்த ஆறையும் கதவுக் கீல் மாதிரி இறுக்கியிருப்பார்கள். தகடு தானாகப் படிய வழியில்லாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். கம்பியைத் தளர்த்தி, ஆறையும் தகடு சுலபமாக ஆடும் அளவுக்கு விட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

இரண்டு தூண் பிரிட்ஜ் என்றால் தூண்கள் உயரமாக இருக்கும். பின்னால் தொடும், முன்னால் தொங்கும். தூண்களை இறக்கித் தகட்டைச் சமமாக்க வேண்டும். கம்பி முழு இழுப்பில் இருக்கும்போது தூணைத் திருகவே திருகாதீர்கள். பிரிட்ஜின் கத்தி விளிம்பு தேய்ந்துவிடும், அதற்கு மருந்து கிடையாது.

இப்போது கம்பிகள் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) அடிக்கின்றன

அடிக்கத்தான் செய்யும். தூக்கியிருந்த பிரிட்ஜ் கீழே வந்ததும் கம்பியும் கூடவே இறங்கிவிட்டது. வேலை சரியாக நடந்ததற்கு அதுவே அடையாளம். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் குட்டித் துண்டுதான் சாடில். ஒவ்வொரு சாடிலிலும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்கள் உண்டு. ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5 மி.மீ. ஆலன் கீ சேரும். மெக்கானிக் கடையில் எல்லென் கீ என்று கேட்டால்தான் சட்டென்று புரியும். 17-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி சுமார் 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும்படி ஏற்றுங்கள், பிறகு உங்கள் கைக்குத் தக்கபடி.

ஏற்றியும் முதல் நாலைந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் இரைச்சல் இருந்தால் பிரிட்ஜை விட்டுவிட்டு நெக்கைப் பாருங்கள். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்போடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவே, ஏழெட்டாம் ஃப்ரெட்டில், 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. அளக்கக் கருவி வாங்க வேண்டாம். 10 செட்டின் அறுந்த முதல் கம்பித் துண்டு சரியாக அந்தத் தடிமன்தான். இடைவெளியே இல்லை என்றால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் கம்பி) கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். முதல் தடவை செய்பவர் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

திறந்த கம்பி சரி, மேலே போகப் போக அபஸ்வரம்

பிரிட்ஜ் சாய்வு மாறியதால் சாடில்களும் இம்மி நகர்ந்திருக்கின்றன. 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய நோட்டையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடில் பின்னே போக வேண்டும், இறங்கியிருந்தால் நெக் பக்கம் வர வேண்டும். புதுக் கம்பியில் செய்யுங்கள். துருப்பிடித்த கம்பியில் செய்வது நேர விரயம்.

வேலை முடித்து ஆம்ப் போட்டால் 'உர்ர்' என்கிறது

இதை நானே செய்து அனுபவித்திருக்கிறேன். க்ளாவில் ஒரு ஒயர் ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கும். க்ளா, ஸ்பிரிங், அடிக்கட்டை, பிரிட்ஜ், கம்பி என்று எர்த் போகும் வழி அதுதான். க்ளாவை இழுக்க இழுக்க ஒயர் விறைத்து, கடைசியில் பிய்ந்துவிடும். அறிகுறி சுலபம். முன்பெல்லாம் கம்பியில் கை வைத்தால் இரைச்சல் அடங்கும். இப்போது கை வைத்தும் மாற்றமில்லை. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையைக் கிட்டாரில் செருகிய ஜாக்கின் அடிப்பகுதியிலும் தொடுங்கள். பீப் வராவிட்டால் அறுந்திருக்கிறது.

திரும்பப் பற்றவைக்கும்போது ஒரு சிக்கல். சென்னை ரிச்சி தெருவில் எல்லோரும் வாங்கும் 25 வாட் பற்றவைப்பு இரும்பு இதற்குத் திணறும். க்ளா பெரிய உலோகத் துண்டு, சூட்டைக் குடித்துவிடும், ஈயம் உருண்டையாக நின்று நாளைக்கே உதிரும். 60 வாட் இரும்பு எடுத்து, அந்த இடத்தை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு வையுங்கள்.

பெரம்பூர் பக்கத்துத் தம்பி ஒருவர் இன்னொரு விதமாக மாட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் மரத்துண்டு செருகிவிட்டதால் ஸ்பிரிங் எதற்கு என்று எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டார். "அண்ணா, சர்ச்ல வாசிச்சா தேனீக் கூடு மாதிரி கத்துது" என்று போன். மரம் எர்த் கடத்தாது அல்லவா? இரண்டு ஸ்பிரிங் திரும்ப மாட்டியதும் அடங்கிவிட்டது.

மண்டபத்தில் மைக்கில் உதடு பட்டால் சுரீரென்று அடிக்கிறதே, அது வேறு விஷயம். அது கட்டடத்தின் அல்லது ஆம்ப்பின் எர்த் கோளாறு. அதற்காகக் கிட்டாரின் எர்த் ஒயரை வெட்டாதீர்கள். வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வாசித்து நிறுத்தினால் உள்ளிருந்து ரீங்காரம்

ஸ்பிரிங்குகள் பாடுகின்றன. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி ஸ்பிரிங்குகளுக்கு அடியில் திணியுங்கள். முடிந்தது.

காகிதம் கடித்துக்கொண்டே இருக்கிறது, ஆனாலும் சுருதி நிற்கவில்லை

அப்படியென்றால் பிரிட்ஜ் நிரபராதி. இந்த இடத்தில்தான் பலர் க்ளாவை இன்னும் இன்னும் முறுக்கி, மரத்தைப் பிளக்கும் அளவுக்குப் போகிறார்கள்.

மூன்றாவது கம்பியை முழுதாகப் பெண்ட் செய்து விடுங்கள். சுருதி இறங்கியிருக்கிறதா? இப்போது நட்டுக்கும் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளம் வெட்டிய துண்டு) ட்யூனிங் கீக்கும் நடுவிலுள்ள கம்பியை விரலால் ஒரு அமுக்கு அமுக்கி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்கு வந்தால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவினாலும் அதே நோய்தான். கம்பியைத் தூக்கி, பள்ளத்தில் கூர்ப் பென்சிலால் நன்றாகக் கோடு போடுங்கள். கிராஃபைட் வழுக்கிவிடும். 9 செட்டுக்கு வெட்டிய நட்டில் 10 போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். பென்சில் போதாவிட்டால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், அதைச் சொந்தமாகச் செய்யாதீர்கள்.

அமுக்கியும் வராவிட்டால் கீயில் சுற்று சரியில்லை, அல்லது புதுக் கம்பி இன்னும் இழுத்துப் பழகவில்லை. மெல்லிய கம்பிக்கு மூன்று சுற்றுப் போல, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், கீழ்நோக்கி வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. டிசம்பரில் தெருத்தெருவாகக் கேரல் வாசித்துவிட்டு ஏசி ஹாலுக்குள் நுழைந்தால் எல்லாக் கம்பியும் கொஞ்சம் ஏறியிருக்கும். குளிரில் உலோகம் சுருங்குகிறது. எப்படிப் பூட்டிய பிரிட்ஜும் அதைத் தடுக்காது. உறையைத் திறந்து பத்து நிமிஷம் வைத்துவிட்டு ட்யூன் செய்யுங்கள்.

வாமி பாரே வேண்டாம், முழுக்கப் பூட்ட வேண்டும்

ஆங்கிலேய ராக் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டுகளில் ஐந்து ஸ்பிரிங்கும் போட்டு மரத்துண்டும் செருகியவர். நீங்களும் அந்தப் பக்கம் என்றால், முதலில் மேலே சொன்னபடி உட்கார வையுங்கள். பின்குழியில் அடிக்கட்டைக்கும் கிட்டாரின் அடிப்பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். வாமி பாரை அமுக்கும்போது கட்டை நகர்வது அந்தப் பக்கம்தான். ஆகவே துண்டு அங்கே போக வேண்டும், ஸ்பிரிங் பக்கம் அல்ல. இதை மாற்றிச் செருகிவிட்டு பிரிட்ஜ் இன்னும் ஆடுகிறதே என்று குழம்புகிறவர்கள் நிறைய.

பக்கத்துத் தச்சுப் பட்டறையில் தேக்குத் துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். பிளைவுட் நசுங்கும். சந்தின் அளவைவிட ஒரு முடி அதிகமாக வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துக் கையாலேயே இறுக்கமாகப் போகும்படி செய்யுங்கள். சுத்தியல் எடுத்தால் உடம்பு விரிசல் விடலாம். தேய்த்தது அதிகமாகிப்போனால் 1 மி.மீ. மைக்கா துண்டை அண்டை கொடுக்கலாம். பசை வேண்டவே வேண்டாம். கம்பி கோக்கும் துளைகளை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாய்ட் ரோஸ் வகை (கம்பிகளை நட்டிலும் பிரிட்ஜிலும் பூட்டும் ட்ரெமலோ) என்றால் கதை கொஞ்சம் மாறும். அவற்றில் பலவற்றில் பிரிட்ஜுக்கு அடியில் மரத்தைத் தோண்டி எடுத்திருப்பார்கள்; உட்கார இடமே கிடையாது. பிரிட்ஜ் சமமாக இருக்கும் நிலையில், ஸ்பிரிங் பக்கத்துச் சந்தில் மரம் வைத்து, கட்டை அதன்மேல் அழுந்தும்வரை க்ளாவை முறுக்குங்கள். இப்போது மேலே தூக்க முடியாது, கீழே அமுக்கலாம். அசையவே கூடாது என்றால் இரண்டு பக்கமும் மரம். வேலை தொடங்குமுன் நட்டிலுள்ள பூட்டுகளை 3 மி.மீ. ஆலன் கீயால் தளர்த்த மறக்காதீர்கள். முடிந்ததும் பிரிட்ஜிலுள்ள ஃபைன் ட்யூனர்களை நடுவில் நிறுத்தி, மேலே ட்யூன் செய்து, அதன்பிறகே நட்டைப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு பாடகர் அரைக் கட்டை கேட்டால் பூட்டை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை.

பின்மூடியை உடனே மாட்டிவிட வேண்டாம். ஒரு கச்சேரியோ இரண்டு ஒத்திகையோ வாசித்துவிட்டு, மறுபடி காகிதம் வைத்துப் பார்த்து, வேண்டுமானால் கால் சுற்றுக் கொடுத்துவிட்டு மாட்டலாம். ஸ்க்ரூக்களைப் போட்ட டப்பா எது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். என் கிட்டாரின் பின்மூடியில் இப்போது நாலு ஸ்க்ரூதான் இருக்கிறது.